ஹில் தம்பதி கடத்தல் வழக்கு: தேதி போட்டுப் பார்த்தால் என்ன மிஞ்சும்?

ஏலியன்கள் உண்டா இல்லையா என்பது உங்கள் கேள்வி இல்லை. 1961-ல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் பெட்டி ஹில், பார்னி ஹில் என்ற தம்பதியைப் பறக்கும் தட்டில் வந்தவர்கள் கடத்திப்போய்ப் பரிசோதித்ததாகச் சொல்கிறார்கள். இருவரையும் டாக்டர் தனித்தனியாக ஹிப்னாடிசத்தில் ஆழ்த்திக் கேட்டபோது ஒரே கதையைத்தான் சொன்னார்கள், அவர்கள் பொய் சொல்லவில்லை என்று டாக்டரே ஒப்புக்கொண்டார், பெட்டி வரைந்த நட்சத்திர வரைபடமும் பின்னாளில் பொருந்திவிட்டது. இத்தனைக்குப் பிறகும் எப்படி மறுக்க முடியும் என்பதுதான் நீங்கள் கேட்டது. அவர்கள் பொய் சொல்லவில்லை என்பதை நானும் ஏற்கிறேன். அன்றிரவு வானத்தில் ஒரு வெளிச்சத்தைப் பார்த்து மிரண்டார்கள் என்பதையும் ஏற்கிறேன். ஆனால் ‘விண்கலத்துக்குள் கொண்டுபோனார்கள், ஊசி குத்தினார்கள்’ என்கிற பகுதி, சம்பவம் நடந்த வாரத்தில் எழுதப்பட்ட எந்தத் தாளிலும் இல்லை. அது எப்போது, எந்த வழியாகக் கதைக்குள் நுழைந்தது என்பதைத் தேதியோடு காட்டிவிடலாம்.

இந்த மாதிரி வழக்கை எடுத்தால் முதலில் ஒரு தாளில் இரண்டு பத்தி (நெடுக்குக் கட்டம்) போட்டுக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு விவரத்துக்கும், அது நடந்ததாகச் சொல்லப்படும் நேரம் ஒரு பத்தியில். அந்த விவரம் முதன்முதலாக எழுத்திலோ ஒலிநாடாவிலோ பதிவான தேதி மற்றதில். யூட்யூப் காணொளிகள் எல்லாமே முதல் பத்தியின் வரிசையில் கதை சொல்கின்றன: வெளிச்சம், துரத்தல், கடத்தல், பரிசோதனை, வரைபடம், வீடு. கேட்க விறுவிறுப்பாக இருக்கும். இரண்டாம் பத்தியின் வரிசையில் அடுக்கிப் பாருங்கள், வேறொரு வழக்கு கண்ணுக்குத் தெரியும்.

1961 செப்டம்பர் 19 இரவு. நயாகராவும் மான்ட்ரியலும் பார்த்துவிட்டு ஹில் தம்பதி போர்ட்ஸ்மத்தில் இருந்த தங்கள் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். 1957-ம் ஆண்டு ஷெவர்லே பெல் ஏர் கார், கூடவே டெல்சி என்கிற டாஷ்ஹண்ட் நாய். பார்னி பாஸ்டன் தபால் துறையில் இரவுப் பணி செய்த கறுப்பினத்தவர். பெட்டி வெள்ளையினத்தவர், மாநில அரசின் சமூகநலப் பணியாளர். கோல்புரூக் என்ற சிற்றூரில் ஓர் உணவகத்தில் நின்றுவிட்டு இரவு சுமார் 10:05-க்கு அங்கிருந்து கிளம்பி, நெடுஞ்சாலை 3-ல் தெற்கே இறங்கினார்கள். லங்காஸ்டர் பக்கம் வரும்போது நிலாவுக்கு அருகே ஒரு பிரகாசமான ஒளியைப் பெட்டி கவனித்தார். அது கூடவே வருவதுபோல இருந்தது. வழியில் சில இடங்களில் நிறுத்திப் பைனாகுலரில் பார்த்தார்கள். ஃபிராங்கோனியா கணவாயைத் தாண்டி இண்டியன் ஹெட் என்ற இடத்தருகே பார்னி காரை நடுச்சாலையில் நிறுத்தி இறங்கிப்போய்ப் பார்த்தார்; ஜன்னல்களின் பின்னால் உருவங்கள் தெரிந்ததாகச் சொல்லி, நம்மைப் பிடிக்கப்போகிறார்கள் என்று அலறிக்கொண்டு காருக்கு ஓடி வந்தார். காரை விரட்டினார். பின்புறம் ‘பீப் பீப்’ என்று ஒலி கேட்டது. ஏறக்குறைய 35 மைல் தள்ளி ஆஷ்லண்ட் அருகே மீண்டும் அதே ஒலி. விடிகாலை ஐந்து மணியளவில் வீடு வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்கு விழிப்புநிலையில் நினைவிருந்தது இவ்வளவுதான்.

இனி பதிவுகளுக்கு வருவோம். செப்டம்பர் 21-ல் பெட்டி பக்கத்திலிருந்த பீஸ் விமானப்படைத் தளத்துக்குத் தொலைபேசியில் சொன்னார். மேஜர் பால் ஹெண்டர்சன் விசாரித்து எழுதிய அறிக்கை செப்டம்பர் 26 தேதியிட்டது. அதில் ஒளிரும் பொருள் உண்டு. உருவங்கள் கிடையாது, ஏனென்றால் கேலி செய்வார்களோ என்று பார்னி அதை மறைத்துவிட்டார். அதே நாட்களில் பெட்டி நூலகத்திலிருந்து பறக்கும் தட்டு பற்றிய டொனால்ட் கீஹோவின் நூல் ஒன்றை எடுத்துப் படித்தார். செப்டம்பர் 26-ல் கீஹோவுக்கே கடிதம் எழுதினார். இந்த வழக்கின் மிக முக்கியமான தாள் எது என்று கேட்டால் இந்தக் கடிதத்தைத்தான் காட்டுவேன். கணவர் உருவங்களைப் பார்த்ததும், பிடித்துவிடுவார்கள் என்று பயந்ததும், அதற்கு மேல் அவருக்கு நினைவு வரவில்லை என்பதும் அதில் இருக்கின்றன. ஹிப்னாடிசம் தெரிந்த மனநல மருத்துவரைப் பார்க்கலாமா என்கிற யோசனையும் இருக்கிறது. அதாவது முதல் வாரத்திலேயே ‘பிடிக்கப்போகிறார்கள்’ என்ற அச்சமும், ‘ஏதோ மறந்துபோயிருக்கிறது, ஹிப்னாடிசம் அதை மீட்கும்’ என்ற எதிர்பார்ப்பும் வீட்டுக்குள் வந்துவிட்டன. நம்புகிறவர்கள் இதைத் தங்கள் பக்கச் சான்றாக வைக்கிறார்கள்: பயம் கனவுக்கு முன்பே இருந்தது, அதற்குக் காரணம் இருந்திருக்க வேண்டும் என்று. நியாயமான வாதம்தான். பயம் உண்மை என்பதை அது நிறுவுகிறது. பிடித்தார்கள் என்பதை நிறுவவில்லை.

பத்து நாள் கழித்துக் கனவுகள் தொடங்கின. தொடர்ந்து ஐந்து இரவுகள், பெட்டிக்கு மட்டும். சாலையில் மறிக்கிறார்கள், காட்டு வழியே நடத்திப்போகிறார்கள், கலத்துக்குள் பரிசோதிக்கிறார்கள், தொப்புளில் நீண்ட ஊசியைச் செலுத்துகிறார்கள், தலைவன் ஒரு வரைபடத்தைக் காட்டுகிறான், ஒரு புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு பிடுங்கிக்கொள்கிறார்கள். நவம்பர் 1961-ல் இவற்றைப் பெட்டியே எழுதி வைத்தார். கடத்தலின் முதல் பதிவு இதுதான், அதுவும் கனவு என்ற பெயரில்தான்.

இடையில் அக்டோபர் 21-ல் பாஸ்டன் ஹேடன் கோளரங்கத்தைச் சேர்ந்த வானியலாளர் வால்டர் வெப், நைகேப் என்ற யூஎஃப்ஓ (அடையாளம் தெரியாத பறக்கும் பொருள்) ஆய்வு அமைப்பின் சார்பில் வந்து ஆறு மணி நேரம் பேசினார். பார்னி இப்போதுதான் உருவங்களைப் பற்றி விரிவாகச் சொல்கிறார்: எட்டிலிருந்து பதினொன்று பேர், கறுப்புச் சீருடை, அதில் ஒருவன் தன்னையே உற்றுப் பார்த்தது. வெப் இவர்களை நம்பினார். ஆனால் ‘இரண்டு மணி நேரம் காணாமல் போயிற்று’ என்ற பேச்சு அந்தச் சந்திப்பில் எழவில்லை. நவம்பர் 25-ல் வந்த ராபர்ட் ஹோமன், சி. டி. ஜாக்சன் என்ற இருவர், ‘இந்தத் தூரத்துக்கு இவ்வளவு நேரம் ஏன் ஆயிற்று?’ என்று கேட்ட பிறகே அது ஒரு புதிராக மாறியது. தம்பதி தாமாக உணர்ந்து சொன்ன குறை இல்லை, விசாரிக்க வந்தவர்கள் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்த குறை.

அந்தக் கணக்கையே நாமும் போட்டுப் பார்க்கலாம். கோல்புரூக்கிலிருந்து போர்ட்ஸ்மத் ஏறக்குறைய 170 மைல். சராசரி 40 மைல் வேகத்தில் ஓட்டினால் நாலேகால் மணி நேரம், அதாவது இரவு இரண்டரைக்குள் வீடு. சராசரி 30 மைலுக்கு இறங்கினால் ஐந்தே முக்கால் மணி நேரம். வீடு சேரும்போது மணி நாலு நெருங்கிவிடும். அன்றைய நெடுஞ்சாலை 3 மலைக்குள் வளைந்து வளைந்து போகும் இருவழிச் சாலை. வானத்தைப் பார்த்துக்கொண்டே ஊர்ந்து போனதாகவும், பலமுறை நிறுத்தியதாகவும், நாயை இறக்கி நடத்தியதாகவும் அவர்களே சொல்கிறார்கள். பிற்பாதியில் பயத்தில் பிரதான சாலையை விட்டு விலகியதாகவும் மங்கலான நினைவு உண்டு. கைக்கடிகாரங்கள் நின்றுபோயிருந்தன, எந்த இடத்தை எப்போது கடந்தோம் என்று யாரும் குறிக்கவில்லை. கைவசம் இருப்பது கிளம்பிய நேரமும் சேர்ந்த நேரமும் மட்டும். இடையில் இருக்கும் இழப்பு அரை மணியா இரண்டு மணியா என்பது, நாம் எந்தச் சராசரி வேகத்தை வைத்துக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்தது. இதை அடித்தளமாக வைத்துக் கடத்தலுக்கு இடம் ஒதுக்குவது நிற்காது. அதே சமயம் நேரம் முழுக்கச் சரியாகவே இருந்தது என்று அடித்துச் சொல்லவும் வழியில்லை.

இப்போது ஹிப்னாடிசம். பார்னிக்கு வயிற்றுப் புண்ணும் இரத்த அழுத்தமும் மனப்பதற்றமும் இருந்தன. 1962-லிருந்தே ஒரு மனநல மருத்துவரிடம் போய்க்கொண்டிருந்தார். அந்த வழியில்தான் 1963 டிசம்பரில் பாஸ்டன் மருத்துவர் பெஞ்சமின் சைமனிடம் வந்து சேர்ந்தார்கள். இரண்டாம் உலகப் போரில் மனம் பாதிக்கப்பட்ட வீரர்களுக்கு ஹிப்னாடிச முறையில் சிகிச்சை அளித்த அனுபவசாலி அவர். 1964 ஜனவரியிலிருந்து ஜூன் வரை அமர்வுகள் நடந்தன. கணவன், மனைவி தனித்தனி. ஒருவர் சொல்வது மற்றவர் காதில் விழாது. ஒவ்வோர் அமர்வு முடிந்ததும் சொன்னதை மறந்துவிடும்படி கட்டளை கொடுத்துத்தான் எழுப்புவார். எல்லாம் ஒலிநாடாவில் பதிவாயிற்று. முறையில் குறை சொல்ல அதிகம் இல்லை. ‘தனித்தனியாகக் கேட்டும் ஒரே கதை’ என்று பிரமிப்பவர்கள் இந்த ஏற்பாட்டைத்தான் காட்டுகிறார்கள்.

ஆனால் இருவரையும் பிரித்துக் கதவை அடைத்தது 1964-ல். கனவுகள் வந்தது 1961-ல். நடுவில் இரண்டே கால் ஆண்டு. அந்தக் காலம் முழுவதும் பெட்டி தன் கனவுகளை வீட்டிலும் நண்பர்களிடமும் விசாரிக்க வந்தவர்களிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். 1963-ல் தேவாலயக் குழுவிலும் வேறொரு பொதுக்கூட்டத்திலும் இருவருமாக மேடையேறித் தங்கள் அனுபவத்தைப் பேசினார்கள். பார்னி அந்தக் கனவுகளைப் பலமுறை கேட்டவர்; வெறும் கனவு என்று தள்ளியும் பேசியவர். இரண்டு சாட்சிகள் ஒத்துப்போவதற்கு மதிப்பு வருவது, அவர்கள் ஒருவரிடமிருந்து மற்றவர் தெரிந்துகொள்ள வழியே இல்லாதபோதுதான். ஒரே பரீட்சைத் தாளை முந்தின நாள் சேர்ந்து படித்த இரண்டு மாணவர்களை மறுநாள் தனித்தனி அறையில் உட்காரவைத்தால், விடை ஒத்துப்போவதில் வியக்க ஒன்றுமில்லை. சைமன் கண்டதும் இதைத்தான். பெட்டி ஹிப்னாடிசத்தில் சொன்னது அவருடைய கனவுக் குறிப்புகளைப் பெரும்பாலும் பின்தொடர்கிறது. பார்னி சொன்ன கடத்தல் பகுதி மெலிந்தது, பெரும்பாலும் கண்ணை மூடிக்கொண்டே இருந்ததாகச் சொல்கிறார், விவரங்கள் சொற்பம். கடத்தல் பெட்டியின் கனவில் பிறந்து பார்னிக்குள் புகுந்தது என்பதே சைமனின் முடிவு.

ஆகவே டாக்டர் ‘பொய்யில்லை என்றார்’ என்பது பாதிச் செய்தி. தம்பதி நேர்மையானவர்கள், தாங்கள் சொல்வதை மனதார நம்புகிறார்கள் என்றார். கடத்தல் நடந்ததென்று ஏற்கவில்லை. இந்த வழக்கைப் பற்றி 1966-ல் வெளிவந்து உலகமெங்கும் பரவிய ஜான் ஃபுல்லரின் நூலுக்குச் சைமனே முன்னுரை எழுதினார். ஹிப்னாடிசம் வெளிக்கொண்டுவருவது நோயாளி உண்மை என்று உணர்ந்ததை, அது புறவுலகில் நடந்ததோடு ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயமில்லை என்ற எச்சரிக்கை அதிலேயே இருக்கிறது. முன்னுரையை யார் படிக்கிறார்கள்!

ஹிப்னாடிசத்தில் நினைவு ஏன் கெடுகிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இதற்குப் பின்வந்த நூற்றுக்கணக்கான கடத்தல் கதைகளுக்கும் இதே இடத்தில்தான் ஓட்டை. நினைவு ஒலிநாடா அல்ல. ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் இருக்கிற துண்டுகளை வைத்து மூளை அதைத் திரும்பக் கட்டுகிறது. எந்தத் துண்டு கண்ணால் கண்டது, எது கனவில் வந்தது, எது பிறர் சொல்லக் கேட்டது என்கிற அடையாளம்தான் முதலில் அழியும். ஹிப்னாடிசத்தில் ஒருவர் தளர்ந்து, கற்பனைக்கு இடம் கொடுத்து, கேட்பவருக்கு ஒத்துழைக்கும் மனநிலையில் இருக்கிறார். ‘பிறகு என்ன நடந்தது?’ என்று கேட்டால் ‘தெரியாது’ என்று சொல்வதைவிட ஏதாவது சொல்வதற்கே வாய்ப்பு அதிகம். அப்படி வந்த விவரம் உணர்ச்சியோடு, அழுகையோடு, அலறலோடு வரும். எழுந்த பிறகு அது அனுபவமாகவே பதிந்து, முன்பிருந்த தயக்கம் போய் உறுதி வந்துவிடும். துல்லியம் கூடுவதில்லை, நம்பிக்கை மட்டும் கூடும். ஆபத்து அதில்தான் இருக்கிறது. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1985-ல் வெளியிட்ட அறிக்கை இதையே சொன்னது: ஹிப்னாடிசத்தில் மீட்ட நினைவுகள் சாதாரண நினைவுகளைவிட நம்பகமானவை அல்ல, கற்பனை கலக்கும். 1977-ல் கலிபோர்னியாவில் ஆல்வின் லாசன் குழுவினர், யூஎஃப்ஓ அனுபவமே இல்லாத தன்னார்வலர்களை ஹிப்னாடிசத்தில் ஆழ்த்தி, கடத்தப்பட்டதாகக் கற்பனை செய்யச் சொன்னார்கள்; அவர்கள் தந்த விவரிப்புகளும் ‘உண்மையான’ கடத்தல் கதைகளைப் போலவே இருந்தன. அந்தச் சோதனையின் வடிவமைப்பில் குறைகள் உண்டு, கேள்விகளே கொஞ்சம் வழிகாட்டின. எனவே அதை ஆதாரமாக மட்டும் சொல்கிறேன், தீர்ப்பாக அல்ல. பார்னியின் ஒலிநாடாவில் கேட்கும் அலறல் உடம்பைச் சிலிர்க்க வைக்கும் என்பார்கள். இருக்கலாம். அலறல் அச்சத்தின் அளவைச் சொல்லும், அச்சம் எதனால் என்பதைச் சொல்லாது.

இருவர் சொன்னதிலும் கனவிலும் உள்ள வேறுபாடுகளையும் கவனிக்க வேண்டும். கனவுக் குறிப்பில் அந்த ஆட்களுக்குப் பெரிய மூக்கும் கறுப்பு முடியும் உண்டு. பின்னாளில் ஹிப்னாடிசத்தில் அந்தப் பெரிய மூக்கு மறைந்துவிடுகிறது. தலைவன் வினோத உச்சரிப்போடு ஆங்கிலம் பேசியதாகப் பெட்டி சொல்ல, பார்னியோ எண்ணமே நேராகத் தனக்குள் வந்ததாகச் சொல்கிறார். பெட்டியோடு சரளமாக உரையாடும் அதே தலைவனுக்கு ‘ஆண்டு’ என்றால் என்னவென்று புரியவில்லை. ஆனால் ‘கொஞ்சம் பொறு’ என்று சொல்லத் தெரிகிறது. கனவுகளின் தர்க்கம் இப்படித்தான் இருக்கும். பெட்டியின் சகோதரி மகள் கேத்லீன் மார்டனும் அணு இயற்பியலாளர் ஸ்டான்டன் ஃபிரீட்மனும் இந்த வேறுபாடுகளையே எதிர்த்திசையில் பயன்படுத்துகிறார்கள்: கனவுக்கும் ஹிப்னாடிச நினைவுக்கும் இவ்வளவு வித்தியாசம் இருப்பதால் இரண்டாவது முதலாவதின் நகல் அல்ல என்கிறார்கள். எனக்கு அது வலுவாகப் படவில்லை. திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதை மாறுவது இயல்பு; மாற்றத்தை வைத்து மூலத்தை நிரூபிக்க முடியாது.

மறுப்பவர்கள் பக்கமும் ஒரு வாதத்தை எடுத்துச் சொல்லியாக வேண்டும், அதை அளவுக்கு மீறிப் பயன்படுத்துகிறார்கள். பார்னி, முகத்தைச் சுற்றி வளைந்து ‘பேசும்’ கண்களை ஹிப்னாடிசத்தில் விவரித்தது 1964 பிப்ரவரி 22-ல். அதற்குப் பன்னிரண்டு நாள் முன்பு, பிப்ரவரி 10-ல், ‘தி அவுட்டர் லிமிட்ஸ்’ என்ற தொலைக்காட்சித் தொடரின் ஒரு பகுதியில் அதே மாதிரிக் கண்களுடைய வேற்றுக்கிரகவாசி வந்தான். மார்ட்டின் காட்மேயர் என்பவர் இதைக் கண்டுபிடித்து எழுதினார். தேதிகள் சரி. ஆனால் பார்னி அதைப் பார்த்தார் என்பதற்குச் சான்று இல்லை. அப்படி ஒரு தொடரையே தெரியாது என்று பெட்டி பின்னர் சொன்னார். உற்றுப் பார்க்கும் ஒரு பார்வை 1961 அக்டோபரில் வெப்பிடம் சொன்னதிலேயே இருக்கிறது. சுவாரசியமான தற்செயல் என்ற அளவில் வைத்துக்கொள்ளலாம், இதன்மேல் கட்டடம் எழுப்பக் கூடாது. ஹிப்னாடிசத்தில் பார்னி அந்த உருவங்களில் ஒருவனைச் செம்பட்டை முடி ஐரிஷ்காரனாகவும், இன்னொருவனை ஜெர்மன் நாஜியாகவும் உணர்ந்தார் என்பது எனக்கு இதைவிடப் பொருளுள்ளதாகத் தெரிகிறது. 1961-ல் ஒரு கறுப்பின ஆண், வெள்ளை மனைவியோடு, நள்ளிரவில், ஆளரவமற்ற மலைச்சாலையில் போகிறார். வழியில் ரவுடிகள் மறிப்பார்களோ என்ற பயத்தில் காரில் துப்பாக்கி வைத்திருக்கிறார். சைமன் இந்தக் கோணத்தைக் கவனித்தார்.

பொருள் சான்றுகள் என்று சொல்லப்படுபவை சில உண்டு. பெட்டியின் ஆடை கிழிந்திருந்தது, அதில் இளஞ்சிவப்புத் தூள் படிந்திருந்தது. பிற்காலத்தில் பல ஆய்வகங்கள் துணியைச் சோதித்தும் பூமிக்கு அப்பாற்பட்டது என்று சொல்லும்படி எதுவும் கிடைக்கவில்லை. குப்பையில் போட்டு, திரும்ப எடுத்து, கொடியில் காயப்போட்டு, ஆண்டுக்கணக்கில் அலமாரியில் தொங்கிய துணியில் என்ன கிடைத்தாலும் அது எப்போது ஒட்டியது என்று யாராலும் சொல்ல முடியாது. பார்னியின் காலணி மேல்புறம் தேய்ந்திருந்தது, பைனாகுலர் வார் அறுந்திருந்தது. இரண்டும் இருட்டில் ஓடியவருக்கு நேரக்கூடியவை. காரின் பின்மூடியில் பளபளப்பான வட்டப் புள்ளிகள் இருந்தன, அவற்றருகே திசைகாட்டி முள் சுழன்றதாம். இங்கே எதைச் செய்யாமல் விட்டார்கள் என்று பாருங்கள். எஃகு உடல் கொண்ட எந்தக் காரின் அருகில் திசைகாட்டியைக் கொண்டுபோனாலும் முள் விலகும். முறையாகச் செய்வதென்றால் காரை நகர்த்தாமல், திசைகாட்டியைத் தட்டையாகப் பிடித்து, மூடியில் ஒரு சாண் இடைவெளியில் கட்டம் போட்டு, ஒவ்வோர் இடத்திலும் முள் எத்தனை பாகை விலகுகிறது என்று குறிக்க வேண்டும். பிறகு அதே இடத்தில் அதே மாதிரி வேறொரு காரை நிறுத்தி அதையே செய்ய வேண்டும். புள்ளி உள்ள இடத்துக்கும் இல்லாத இடத்துக்கும் வேறுபாடு இருந்தால்தான் அது செய்தி. அப்படி ஒரு பதிவு இல்லை, புள்ளிகளைப் புகைப்படமாக அளவுகோலோடு எடுத்த பதிவும் இல்லை. ராடார் சான்று ஒன்றும் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது: அன்று அதிகாலை 2:14-க்குப் பீஸ் தளத்தின் ராடாரில் அடையாளம் தெரியாத ஒரு புள்ளி சிறிது நேரம் தெரிந்தது. விமானப்படைக் கோப்பிலேயே இது இருக்கிறது. ஆனால் பீஸ் தளம் போர்ட்ஸ்மத் அருகே கடற்கரைப் பக்கம். இண்டியன் ஹெட் அங்கிருந்து நேர்கோட்டில் ஏறக்குறைய எண்பது மைல் வடமேற்கே மலைக்குள். நேரமும் இடமும் பொருந்தவில்லை.

நட்சத்திர வரைபடத்துக்கு வருவோம், உங்கள் கேள்வியின் மூன்றாவது பகுதி இது. கலத்தில் தலைவன் காட்டியதாகச் சொன்ன வரைபடத்தைப் பெட்டி 1964-ல், ஹிப்னாடிசத்துக்குப் பிந்தைய தூண்டுதலின் பேரில் வரைந்தார். சில புள்ளிகள், அவற்றை இணைக்கும் கோடுகள், பின்னணியில் இன்னும் சில புள்ளிகள். அளவு இல்லை, பெயர் இல்லை, எங்கிருந்து பார்க்கிறோம் என்பது இல்லை. ஒஹையோவைச் சேர்ந்த பள்ளி ஆசிரியை மார்ஜரி ஃபிஷ், அருகிலுள்ள சூரியன் போன்ற விண்மீன்களை மணிகளாக நூலில் கட்டித் தொங்கவிட்டு, பல கோணங்களிலிருந்து பார்த்து, ஜீட்டா ரெட்டிகுலை என்ற இரட்டை விண்மீன் பக்கமிருந்து பார்த்தால் பெட்டியின் படம் கிடைக்கிறது என்றார். அது ஏறக்குறைய 39 ஒளியாண்டு தொலைவில், தென்வானில் இருக்கிறது. 1974 டிசம்பரில் ‘அஸ்ட்ரானமி’ இதழ் இதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டது, அதிலிருந்து ‘பொருந்திவிட்டது’ என்பது உறுதியான செய்தியாகப் பரவியது. பொறுமையோடு செய்த உழைப்பு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் வானியலாளர்கள் கார்ல் சேகனும் ஸ்டீவன் சோட்டரும் காட்டிய குறை அடிப்படையானது: கோடுகளை நீக்கிவிட்டு வெறும் புள்ளிகளை மட்டும் ஒப்பிட்டால் ஒற்றுமை பெரும்பாலும் கரைந்துவிடுகிறது. கோடுகளை எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்குப் போடுவது என்பது மனிதரின் தேர்வு. எந்த விண்மீன்களைச் சேர்ப்பது, எவற்றை விடுவது, எந்தத் திசையிலிருந்து பார்ப்பது என்று எத்தனை தேர்வுகள் கையில் இருக்கின்றனவோ, அவ்வளவுக்கு ஏதோ ஒன்று பொருந்தியே தீரும். இதற்குச் சாட்சி ஃபிஷ்ஷுக்கு முன்பே உண்டு. 1965 ஏப்ரலில் நியூயார்க் டைம்ஸில் வந்த பெகாசஸ் விண்மீன் மண்டல வரைபடத்தைப் பார்த்துவிட்டு அதுதான் தன் படம் என்று பெட்டியே பெயர்களைக் குறித்தார். பின்னர் சூரியக் குடும்பத்துக் கோள்களையும் சிறுகோள்களையும் வைத்துப் பொருத்தியவர்களும் உண்டு. ஒரே படம் இத்தனை இடங்களுக்குப் பொருந்தினால் அது எந்த இடத்தின் படமும் அல்ல. ஃபிஷ் கையாண்ட தொலைவுகள் அருகிலுள்ள விண்மீன்களைப் பட்டியலிடும் 1969 க்ளீஸ் அட்டவணையிலிருந்து வந்தவை. 1997-ல் வெளியான ஹிப்பார்கோஸ் செயற்கைக்கோள் அளவீடுகள் அவற்றில் சிலவற்றின் தொலைவை மாற்றிவிட்டன.

அப்படியானால் அன்று பார்த்த ஒளி என்ன? இதில்தான் நான் உறுதியாகச் சொல்ல மாட்டேன், ஆனால் பாதி விடையை நீங்களே சரிபார்க்கலாம். ஸ்டெல்லேரியம் போன்ற இலவச மென்பொருளில் இடத்தை லங்காஸ்டர் (வடக்கு 44.5, மேற்கு 71.6 பாகை) என்று வையுங்கள். நேரம் 1961 செப்டம்பர் 19, இரவு 10:30. அங்கே அப்போது கோடைக்கால நேரம் நடைமுறையில் இருந்தது, உலக நேரத்துக்கு நாலு மணி பின்னால்; ஆகவே உலக நேரப்படி செப்டம்பர் 20, அதிகாலை 2:30. இந்த ஒரு மணி வித்தியாசத்தை விட்டுவிட்டால் எல்லாம் 15 பாகை தள்ளிப்போகும், பலர் தவறுவது இங்கேதான். தெற்குக்கும் தென்மேற்குக்கும் இடையே, அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 20 பாகை உயரத்தில் நிலா தெரியும், அதன் அருகிலேயே பளிச்சென்று வியாழனும் சற்று மங்கலாகச் சனியும். நிலாவுக்கு அருகே ஒரு விண்மீன், அதோடு ஒரு புதிய பிரகாசமான ஒளி என்று பெட்டி சொன்னார். யூஎஃப்ஓ கதைகளை மறுத்து எழுதும் ராபர்ட் ஷீஃபர் கேட்ட கேள்வி இதுதான்: அங்கே சனி, வியாழன், கூடவே ஒரு விண்கலம் என்று மூன்று இருந்திருந்தால் மூன்றையும் சொல்லியிருக்க வேண்டும், இரண்டைத்தான் சொன்னார். தொலைவிலுள்ள ஒளி, ஓடும் காரிலிருந்து பார்க்கும்போது மரங்களுக்கும் மலைகளுக்கும் மேலே கூடவே வருவதுபோலத் தோன்றுவதும், கையில் பிடித்த பைனாகுலரில் துள்ளுவதும் எல்லோரும் அறிந்தது.

இது பயணத்தின் முன்பாதிக்குத்தான் பொருந்தும். நள்ளிரவு நெருங்கும்போது நிலாவும் கோள்களும் மிகவும் தாழ்ந்துவிட்டன. ஃபிராங்கோனியா கணவாயின் மலைகள் அவற்றை மறைத்திருக்க வேண்டும். அந்தப் பகுதிக்குக் கேனன் மலை உச்சியில் இருந்த விளக்கைக் காரணமாகச் சொல்கிறார்கள். சாலை வளைய வளைய அது மறைந்தும் தோன்றியும் இடம் மாறியும் தெரியும். நல்ல ஊகம். ஆனால் இண்டியன் ஹெட்டில் பார்னி ஜன்னல்களையும் சீருடைகளையும் பார்த்ததற்கு இந்த இரண்டுமே நேரடி விடை ஆகாது. அங்கே இருந்தது ஒரே சாட்சி என்பதை மட்டும் சொல்ல முடியும்: உருவங்களைப் பார்த்தது பார்னி மட்டும், காருக்குள் இருந்த பெட்டி பார்க்கவில்லை. இரவுப் பணிக்குப் பழகி, நாள் முழுக்க வண்டியோட்டி, இரண்டு மணி நேரமாகப் பயத்தை அடக்கிக்கொண்டிருந்த ஒருவர், இருட்டில் நடுங்கும் கையில் பைனாகுலர் வைத்துப் பார்த்த காட்சி அது. பெட்டி ஒளியைப் பார்த்து வியந்தார், பார்னி விமானம் என்றே சாதித்து வந்தார், கடைசியில் பயந்து ஓடியவர் பார்னி. அந்தச் சில நிமிடங்கள் எனக்கு இன்னும் விளங்காத பகுதி. விமானப்படையின் யூஎஃப்ஓ விசாரணைத் திட்டமான ப்ளூ புக்கின் கோப்பும் இதைத் தீர்த்துவைக்கவில்லை, முதலில் வியாழனாக இருக்கலாம் என்றது, பிறகு போதிய தகவல் இல்லை என்று மூடியது. விளங்காதது என்பதற்காக அதை நிரப்ப விண்கலத்தைக் கொண்டுவர வேண்டியதில்லை.

‘உலகின் முதல் கடத்தல்’ என்று சில இடங்களில் போடுகிறார்கள், அது சரியல்ல. பிரேசிலில் அந்தோனியோ வில்லாஸ் போவாஸ் சொன்னது 1957-ல். முதலில் பெரும்புகழ் பெற்றது ஹில் வழக்கு. அதுவும் தம்பதியின் விருப்பத்தால் அல்ல: 1965 அக்டோபர் 25-ல் பாஸ்டன் டிராவலர் நாளிதழ் அவர்கள் அனுமதி இல்லாமலே செய்தியை வெளியிட்டது. பணத்துக்காகப் புனைந்தார்கள் என்ற குற்றச்சாட்டு இந்த இடத்திலேயே விழுந்துவிடுகிறது. பிறகு 1975 அக்டோபர் 20-ல் இவர்கள் கதை தொலைக்காட்சிப் படமாக ஒளிபரப்பானது. கடத்தப்பட்டதாகச் சொல்லப்படும் இன்னொருவரான டிராவிஸ் வால்டன் அரிசோனாவில் காணாமல் போனது அதே ஆண்டு நவம்பர் 5-ல். அது தனி வழக்கு, அதற்குத் தனிப் பதில் வேண்டும்.

பார்னி 1969-ல் மூளை இரத்தக் கசிவால் 46 வயதில் இறந்தார், பெட்டி 2004-ல். அவர்களுடைய கடிதங்களும் ஒலிநாடாக்களும் அந்த ஆடையும் நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழக நூலகத்தின் சிறப்புச் சேகரிப்பில் இருக்கின்றன. நீங்களே ஒப்பிட்டுப் பார்க்க விரும்பினால் நான்கு ஆவணங்கள் போதும்: 1961 செப்டம்பர் 26 ஹெண்டர்சன் அறிக்கை, அதே தேதிக் கீஹோ கடிதம், நவம்பர் 1961 கனவுக் குறிப்பு, 1964 பிப்ரவரி 22 பார்னி அமர்வின் எழுத்துவடிவம். இந்த வரிசையிலேயே படியுங்கள். ஒவ்வொரு விவரமும் எந்தத் தாளில் முதலில் தலைகாட்டுகிறது என்று ஓரத்தில் குறித்துக்கொண்டே போனால், உங்களுக்கு வரும் முடிவு என்னுடையதிலிருந்து வேறுபட்டாலும், எந்த வரியில் வேறுபடுகிறோம் என்று பேச முடியும்.